மாமனாருக்குத் தெரியாத கம்ப்யூட்டர்

"டப்" என்று ஒரு சத்தம். மாமனாரின் கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பிய ஒரு கீற்றுப் புகை, மின்விசிறியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியேறியது. கையில் ஈரத்துணியோடு நின்றுகொண்டிருந்தார் மாப்பிள்ளை. செவ்வாய்க்கிழமை காலை மணி பத்து.

அந்த வீட்டில் அவருக்கு மாப்பிள்ளை என்பதுதான் பெயர். மாமனார் வீட்டோடு வந்து தங்கி நாலு வருடமாகிறது. வெளியே அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினாலாவது மாடியில் கயிறு சிக்கி நின்றாலும் பதறாத ஆள். மாமனாரும் மாமியாரும் மூத்த மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். இவருக்கு ஒரு வாரம் விடுப்பு. மாமனாரின் அறையைச் சுத்தம் செய்து நல்ல பெயர் வாங்கிவிடலாம் என்று யாரும் கேட்காமலே களத்தில் இறங்கிவிட்டார்.

"என்ன வேணா பண்ணுங்க, அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் போயிடாதீங்க மாப்பிள்ளை" என்று கிளம்பும்போது மாமியார் ஒன்றுக்கு மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் போனார். மூன்று தடவையும் தலையாட்டியவர் இவர்தான்.

"என்னங்க, ஏதோ கருகுற வாசனை வருதே?" என்று அடுத்த அறையிலிருந்து மனைவி வந்தாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா எதுக்கு அப்பா கம்ப்யூட்டர் முன்னாடி இப்படி நிக்கிறீங்க?"

"எரிஞ்சிடுச்சு."

மனைவி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். "இது ஆயிரமாவதுங்க..."

"தெரியும்."

"வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்கு..."

"அதுவும் தெரியும்."

மாமனார் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்தொன்பது வருடமாக வாரப் பத்திரிகை ஒன்றுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் அமைத்துக் கொடுக்கிறார். காய்ச்சல் வந்த வாரமும் தவறியதில்லை, பல் பிடுங்கிய வாரமும் தவறியதில்லை. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது முடிந்துவிட்டது. இந்த வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டியது ஆயிரமாவது. அதற்குப் பக்கத்தில் அவருடைய புகைப்படமும் வரப்போகிறது. அதற்காகப் போய் முடி வெட்டிக்கொண்டும் வந்துவிட்டார்.

புதிர் போடும் மென்பொருளோ எந்தக் காலத்திலோ மூடிப்போன ஒரு கம்பெனியுடையது. இருபது வருடத்துக்கு முந்தைய சிஸ்டத்தில்தான் ஓடும், புதியவற்றை ஏறெடுத்தும் பார்க்காது. அதற்குள் மாமனார் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்த முப்பத்தோராயிரம் சொற்கள் இருந்தன. நல்லவேளையாக, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாமியார் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து பீரோவில் வைப்பது வழக்கம். சொற்கள் பிழைத்தன. அவற்றுக்குக் குடியிருக்கத்தான் வீடு இல்லை.

"அப்பாகிட்ட போன் பண்ணி உண்மையைச் சொல்லிடலாங்க."

"கூடவே கூடாது" என்றார் மாப்பிள்ளை. "இந்தக் காலத்துச் சாமான் ரெண்டு வருஷம் தாங்காது, இதைப் பாருங்க, இருபது வருஷமா ஒரு நாள் மக்கர் பண்ணினதில்லன்னு வாரத்துக்கு ஒரு தடவை சொல்வாரே, அந்த மனுஷன்கிட்டயா? வியாழக்கிழமை மூணு மணிக்குத்தானே வர்றாங்க? அதுக்குள்ள எழுப்பறேன். எத்தனை லிஃப்டை எழுப்பியிருக்கேன்!"

"லிஃப்டுக்குக் கயிறு இருக்கு. இதுக்கு என்ன இருக்கு?"

"நான் இருக்கேன்" என்றார்.

அதே பெட்டியைப் பழுது பார்க்கக் கொடுக்கவும் வழியில்லை. அந்த வட்டாரத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர்கள் மூன்று பேருமே மாமனாரின் புதிரை வாராவாரம் விடாமல் நிரப்பிப் பார்க்கிறவர்கள். பெட்டியைப் பார்த்த பத்தாவது நிமிடம் அவருக்குச் செய்தி போய்விடும். ஆகவே வெறும் கையோடு போய், அந்தப் பழைய சிஸ்டம் உள்ள கம்ப்யூட்டர் விலைக்குக் கிடைக்குமா என்று விசாரித்தார். முதல் கடைக்காரர் சிரித்தார். இரண்டாவது கடைக்காரர் தன் பங்காளியையும் கூப்பிட்டு, "இன்னொரு தடவை கேளுங்க சார்" என்றார். மூன்றாவது கடைக்கு மாப்பிள்ளை போகவில்லை.

கடைசியில், லிஃப்ட் கம்பெனி அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்காரருக்குப் போன் போட்டார்.

"இதுக்கா சார் இவ்வளவு கவலை? வீட்ல நல்ல புதுக் கம்ப்யூட்டர் ஏதாவது இருக்கா?"

"சம்சாரத்துது ஒண்ணு இருக்கு."

"போதும். அதுக்குள்ள கற்பனையா ஒரு கம்ப்யூட்டர் உண்டாக்கிடலாம். விர்ச்சுவல் மெஷின்னு சொல்வோம். அதுல பழைய சிஸ்டத்தைப் போட்டுட்டா, தனக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் இருக்கறதாவே அது நெனச்சுக்கும். புதுசு வீட்டுக்காரர், பழசு விருந்தாளி. ஒரே பெட்டியில ரெண்டும் ஓடும்."

"தான் விருந்தாளின்னு அந்த விருந்தாளிக்குத் தெரியாதா?"

"தெரியவே தெரியாது சார். இடம், கரண்டு, எல்லாம் வீட்டுக்காரரோடது. ஆனா இது தன் வீடுன்னே நெனச்சுக்கிட்டு ஜம்முனு உக்காந்திருக்கும்."

மாப்பிள்ளை நிமிர்ந்து மாமனார் வீட்டுக் கூரையை ஒரு தடவை பார்த்தார். "புரியுது, மேல சொல்லுங்க" என்றார்.

மனைவி வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறவள். அவள் கம்ப்யூட்டரில் கை வைப்பதற்கு இரண்டு நிபந்தனைகள் விதித்தாள். அவள் வேலை ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. வியாழன் மாலை ஐந்து மணிக்கு ஒரு கட்டட முதலாளியோடு வீடியோவில் பேச வேண்டும், அப்போது யாரும் எதையும் தொடக்கூடாது. மாப்பிள்ளை இரண்டுக்கும் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

பழைய சிஸ்டத்தின் குறுந்தகடு மாமனாரின் அலமாரியிலேயே உறைபோட்டுப் பத்திரமாக இருந்தது. வேலை ஆரம்பமானது. விருந்தாளிக்கு நினைவகத்தில் எவ்வளவு இடம் ஒதுக்கலாம் என்று திரை கேட்டது. மொத்தம் எட்டுப் பங்கு இருந்தது. மாமனார் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்று மாப்பிள்ளை ஏழு பங்கைத் தூக்கிக் கொடுத்தார்.

"என்னங்க!" என்று மனைவி கத்தினாள். "ஒரு மாடிப்படி வரையறேன், நிமிஷத்துக்கு ஒரு படிதான் வருது!"

இங்கே பழைய சிஸ்டம் அந்த ஏழு பங்கைப் பார்த்துப் பயந்துபோய் எழுந்திருக்கவே மறுத்தது. சிஸ்டம்காரரைக் கேட்டால், "அந்தக் காலத்து ஆளுக்கு அவ்வளவு போட்டா அஜீரணம்தான் சார் ஆகும்" என்றார். அரைப் பங்குக்குக் குறைத்ததும் அது சிட்டாய்ப் பறந்தது. ஆனால் அதற்குள் போன மவுஸ் அம்பு வெளியே வரமாட்டேன் என்றது. எந்த விசையை அழுத்தினால் அது வெளியே வரும் என்று கண்டுபிடிக்க மாப்பிள்ளைக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் மனைவி அவர் தலைமாட்டிலேயே நின்றாள்.

புதன்கிழமை காலை புதிர் மென்பொருள் திறந்தது. முப்பத்தோராயிரம் சொற்களும் வந்து உட்கார்ந்தன. மாப்பிள்ளை கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"பிரிண்டர்?" என்றாள் மனைவி.

அதை அவர் மறந்தேபோயிருந்தார். மாமனார் புதிரைக் காகிதத்தில் எடுத்து, பேனாவால் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுப்பார். அதை மனைவி படம் பிடித்து அனுப்புவாள். அந்தப் பிரிண்டரோ புதிய சிஸ்டத்தை யாரென்றே தெரியாது என்றது. பழையதோடு பேசப் போட்டிருந்த தடித்த கேபிளுக்கு இந்தக் கம்ப்யூட்டரில் பொந்தே இல்லை. மாற்று கேபிள் ஒன்று வாங்கிப் போட்டால், அந்த கேபிளைப் புரிந்துகொள்ளும் வயசு பழைய சிஸ்டத்துக்கு இல்லை. இரண்டுக்கும் நடுவில், பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு சிஸ்டம்தான் இரண்டு பாஷையும் தெரிந்த ஆள் என்று சிஸ்டம்காரர் சொன்னார். மாப்பிள்ளை தளரவில்லை. அதையும் ஒரு விருந்தாளியாகக் கொண்டுவந்து உட்கார வைத்தார். இப்போது ஒரே பெட்டிக்குள் மூன்று தலைமுறை.

"மூணும் ஒரே நேரத்துல முழிச்சுக்கிட்டா பெட்டி தாங்காது சார்" என்று சிஸ்டம்காரர் எச்சரித்தார். "எதுக்கும் ஒண்ணு சொல்லித் தர்றேன். பழைய சிஸ்டம் நல்லா இருக்கறப்பவே அதோட நிலையை அப்படியே பதிஞ்சு வெச்சுக்குங்க. பின்னாடி ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா, ஒரே தட்டு. எதுவுமே நடக்காத மாதிரி பழையபடி வந்து நிக்கும்."

எதுவுமே நடக்காத மாதிரி என்ற சொல் மாப்பிள்ளைக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

மிச்சமிருந்தது தச்சு வேலையும் வயர் வேலையும்தான். அதில் அவர் கில்லாடி. மனைவியின் கம்ப்யூட்டர் அடுத்த அறையில் இருந்தபடியே இருந்தது. சுவரில் ஒரு துளை போட்டு, மாமனாரின் பழைய திரையையும் விசைப்பலகையையும் மவுஸையும் அதில் இணைத்து, துளைக்கு ஒரு திரைச்சீலை மாட்டினார். அந்த விசைப்பலகையில் தட்டுவது பழைய சிஸ்டத்துக்கு மட்டும் போகும்படி சிஸ்டம்காரர் ஏற்பாடு செய்துகொடுத்தார். செத்த பெட்டி மேசைமேலேயே இருந்தது. பின்பக்கம் ஒரு துவாரம் வழியே அதற்குள் ஒரு குட்டி விசிறியும் சிவப்பு விளக்கும் வைத்தார். பெட்டியின் பொத்தானை அழுத்தினால் விசிறி "ஙொய்" என்று சுற்றும், விளக்கு எரியும், அடுத்த அறையில் மனைவியின் மேசைக்கடியில் லிஃப்ட் மணி ஒன்று "டிங்" என்று அடிக்கும். உடனே அவள் பழைய சிஸ்டத்தை எழுப்பிவிட வேண்டும்.

"இதுக்கு நீங்க புதுசா ஒரு வீடே கட்டியிருக்கலாம்" என்றாள் மனைவி.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பழைய சிஸ்டத்தின் நிலையைப் பதிந்து வைத்தார். மூன்று மணிக்கு வாசலில் பெட்டிகளோடு மாமனாரும் மாமியாரும் வந்து இறங்கினார்கள். மாமனார் செருப்பைக் கழற்றியதும் நேராக அறைக்குள் போய்ப் பொத்தானை அழுத்தினார்.

டிங்.

"என்ன மணி மாப்பிள்ளை?"

"பக்கத்து வீட்டுல மாமா."

திரையில் பழைய சிஸ்டம் நல்ல பிள்ளையாக வந்து நின்றது. மாமனார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தட்டத் தொடங்கினார். "இன்னைக்கு என்ன, குதிரை கணக்கா ஓடுது?"

"தூசி தட்டினேன் மாமா."

"அப்படிங்களா? நல்ல காரியம் பண்ணினீங்க" என்றார் மாமனார். நாலு வருடத்தில் அவர் வாயால் வந்த முதல் பாராட்டு. மாப்பிள்ளைக்கு அது இனிக்கவே இல்லை.

ஐந்து மணி வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அடுத்த அறையில் மனைவி கட்டட முதலாளியோடு பேச ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் மாமனார் குரல் கொடுத்தார். "முப்பத்தெட்டு சொல்லும் போட்டாச்சு. குறிப்பு ஒண்ணு ரெண்டுதான் பாக்கி. இதுவரைக்கும் ஆனதைக் காகிதத்துல பாத்துடறேன்."

மாப்பிள்ளை பூனையாக நடந்து மனைவியின் அறைக்குள் புகுந்தார். அவள் காமிராவைப் பார்த்துச் சிரித்தபடியே கீழே காலால் அவரை உதைத்தாள். நிபந்தனை ஞாபகம் இருந்தது. ஆனால் மாமனார் காகிதத்துக்குக் காத்திருந்தாரே! அவள் முழங்கைக்கு அடியில் கையை விட்டு நடு சிஸ்டத்தை எழுப்பி, பிரிண்டரை அதனிடம் ஒப்படைக்கப் போனார். அவசரத்தில் ஒரு வரி கீழே தட்டிவிட்டார். பிரிண்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. மாமனாரின் விசைப்பலகைதான் பழைய சிஸ்டத்திலிருந்து பிரிந்து மனைவியின் சிஸ்டத்துக்கு வந்து சேர்ந்தது.

மனைவி அப்போது கட்டட முதலாளிக்கு ஓர் அளவை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தாள். அவளும் அப்பாவிடம் கற்ற அதே தமிழ்த் தட்டச்சு. சுவருக்கு அந்தப்பக்கம் மாமனார் கண்ணைத் தாளிலும் விரலை விசையிலும் வைத்துக் கடைசிக் குறிப்பை அடித்து முடித்தார். கட்டட முதலாளியின் திரையில் இப்படி வந்து விழுந்தது: "படுக்கை அறை பன்னிரண்டு அடி மூளை இல்லாதவன் (4 எழுத்து)".

"மேடம், யாரைச் சொல்றீங்க?" என்றார் முதலாளி.

"ஐயோ சார், அது உங்களை இல்ல..."

"பின்ன எதுக்கு நாலு எழுத்துன்னு எண்ணிப் போட்டிருக்கீங்க?"

மாப்பிள்ளை விசைப்பலகையைத் திருப்பி அனுப்பப் பாய்ந்தார். அதற்குள் மூன்று சிஸ்டங்களும் ஒன்றாய் விழித்துக்கொண்டுவிட்டன. முதலாளி வாயைத் திறந்தபடி உறைந்தார். மாடிப்படி உறைந்தது. சுவருக்கு அப்பால் புதிரும் உறைந்தது.

"மாப்பிள்ளை, நின்னுபோச்சே!" என்றார் மாமனார்.

"நீங்க ஒரு வாய் காபி குடிச்சுட்டு வாங்க மாமா, சரியாயிடும்!"

மாமனார் சமையலறைக்குப் போனார். மாப்பிள்ளை நடு சிஸ்டத்தை அணைத்தார். பழையது அசையவில்லை. சிஸ்டம்காரர் சொன்ன ஒரே தட்டு நினைவுக்கு வந்தது. தட்டினார்.

பழைய சிஸ்டம் பளிச்சென்று எழுந்தது. எதுவுமே நடக்காத மாதிரி. மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது எப்படி இருந்ததோ, அப்படியே. கட்டங்கள் காலியாக இருந்தன.

அந்தத் தட்டு எதை எதையெல்லாம் நடக்காததாக ஆக்கிவிட்டது என்று மாப்பிள்ளைக்கு உறைத்தபோது, காபி டம்ளரோடு மாமனார் திரைக்கு முன்னால் நின்றிருந்தார்.

"மாப்பிள்ளை, நான் இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"நீங்க... இப்பத்தானே மாமா உக்காந்தீங்க?"

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. மாமனார் திரையின் மூலையில் இருந்த நேரத்தைப் பார்த்தார். அது மூன்று மணி என்றது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"முப்பத்தெட்டு சொல் போட்டேன்னு நெனச்சேன். ஒவ்வொண்ணாப் போட்ட மாதிரிதான் இருந்துச்சு" என்றார். குரல் கம்மிவிட்டது. "எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. சாப்பிட்டேன்னு சொல்வார், சாப்பிட்டிருக்க மாட்டார். பத்திரிகைக்காரங்களுக்கு ஒரு லெட்டர் எழுதிடறேன் மாப்பிள்ளை. தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதோட நிறுத்திக்கலாம். தப்புத் தப்பா ஒண்ணைப் போட்டு அசிங்கப்படக் கூடாது."

நல்ல பெயர் வாங்கப் புறப்பட்டு, நல்லா இருந்த ஒரு மனிதரைத் தன் மூளையையே சந்தேகப்பட வைத்துவிட்டோமே என்று மாப்பிள்ளைக்கு வெட்கமாக இருந்தது. மூன்று நாளாக மறைப்பதற்கு இருந்த பிடிவாதம் அத்தனையும் இப்போது சொல்லிவிடுவது என்று திரும்பி நின்றது.

"மாமா, எழுந்து வாங்க."

கையைப் பிடித்து அழைத்துப்போய்த் திரைச்சீலையை இழுத்தார். துளையைக் காட்டினார். அடுத்த அறைப் பெட்டியைக் காட்டினார். மேசைமேல் இருந்த பெட்டிக்குள் கையை விட்டுக் குட்டி விசிறியை உருவி எடுத்தார். செவ்வாய்க்கிழமை ஈரத்துணியிலிருந்து இன்றைய ஒரே தட்டு வரை ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

"உங்க ஞாபகம் நூத்துக்கு நூறு சரி மாமா. நான்தான் அழிச்சேன். நீங்க எதையும் நிறுத்த வேண்டாம்."

மாமனார் அந்த விசிறியை வாங்கி விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "அப்ப, என் மூளை நல்லாத்தான் இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு மாமா. எனக்குத்தான் இல்ல."

"நாலு எழுத்து" என்றாள் வாசற்படியில் நின்ற மனைவி. கட்டட முதலாளிக்குப் போன் போட்டு, அது அப்பாவின் புதிர் என்று சமாதானப்படுத்திவிட்டுத்தான் வந்திருந்தாள்.

மாமனார் எழுந்தார். விறுவிறுவென்று போய் உட்கார்ந்தார். முப்பத்தெட்டுச் சொற்களையும் குறிப்புகளையும் தாளைப் பார்க்காமலே, நீதிமன்றத்தில் தட்டிய வேகத்தில் ஒரு மணி நேரத்தில் திரும்ப அடித்தார். இந்தத் தடவை மனைவியின் சிஸ்டத்தில் எல்லாவற்றையும் மூடிவிட்டு, நடு சிஸ்டத்தை மட்டும் எழுப்பி, மாப்பிள்ளை பிரிண்டரை ஒழுங்காக ஒப்படைத்தார். காகிதம் வந்தது. ஆயிரமாவது புதிரின் கீழே மாமனார் கையெழுத்துப் போட்டார். ஒரு நாள் முன்னதாகவே அது பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகுதான் செத்த பெட்டியின் நினைவு அவருக்கு வந்தது. அதைத் தடவிக் கொடுத்தார்.

"வேலை நடந்துடுச்சு, அது வேற விஷயம். ஆனா அசல் அசல்தான் மாப்பிள்ளை. உக்காந்த உடனேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது வேற என்னமோன்னு. இருபது வருஷம் தட்டின கை. என்கிட்ட நடக்குமா? நகல் எவ்வளவு ஓடினாலும், அசல்ல இருக்கற அந்த உசிரு அதுல வராது."

"மன்னிச்சிடுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. கண்ணில் நீர் முட்டியது. "திருப்பித் தர முடியாததை எரிச்சுட்டேன்."

கட்டிலில் உட்கார்ந்து ஊரிலிருந்து கொண்டுவந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தார்.

"அழாதீங்க மாப்பிள்ளை. நீங்க எரிச்சது, இதே மாதிரி பழைய சிஸ்டத்தை உள்ளுக்குள்ள ஓட்டறதுக்காக இவருக்குத் தெரியாம அந்தப் பழைய பெட்டிக்குள்ள நான் வெச்ச புதுசு. அசலை நான் எரிச்சு எட்டு வருஷமாச்சு."